பால் இளைத்தால் தண்ணீர்தானா காரணம்?

வடக்கே வந்து குடியேறும் நம்மவர்கள் வீடு பார்த்த கையோடு தேடுவது நல்ல பால்தான். காப்பி அப்படி! பால் கொஞ்சம் நீர்த்தாற்போல் தெரிந்தால் உடனே பால்காரர் மேல் சந்தேகம் வந்துவிடும். ஹரியானாவில் கர்னால் பக்கம் கால்நடைத் தீவனத் துறையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், அந்தச் சந்தேகம் எப்படித் தப்பாகப் போகலாம் என்று சொல்கிறேன்.

எங்கள் பால்காரர் மூன்று கலப்பினப் பசுக்கள் வைத்திருந்தார். மீதிப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுவார். ஒரு மாதத்தில் கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 2.8-க்கு இறங்கியது. "தண்ணி கலக்குறே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். மனுஷன் கண் கலங்கி வந்தார். "டாக்டர் சாப், மாட்டுக்குக் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் கொடுக்கிறேன். கொழுப்பு ஏறணுமே, ஏன் இறங்குது?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். கொழுப்பற்ற திடப்பொருள் 8.5-லேயே நின்றது. தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். ஆடை எடுத்திருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால், என் முன்னால் முழுக்கக் கறந்து, கலக்கிச் சோதித்தோம். அதே 2.8.

காரணம் பசுவின் வயிற்றில். ரூமன் என்ற முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தைப் புளிக்க வைத்து அசிடேட் தருகின்றன. நம் உடல் சர்க்கரையிலிருந்து கொழுப்பு செய்யும். பசுவின் மடியோ முக்கியமாக இந்த அசிடேட்டிலிருந்து செய்யும். பால் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி இப்படி மடியிலேயே உருவாவது. மீதி இரத்தத்திலிருந்து வருவது.

எண்ணெய் உள்ளே போனால் அதே நுண்ணுயிர்கள் அதில் ஹைட்ரஜன் ஏற்றுகின்றன. வனஸ்பதி ஆலையில் நடக்கிற வேலைதான்! ஆனால் மாவு அதிகமாகி, வைக்கோல் குறைந்து, ரூமனில் அமிலம் கூடினால் அந்த வேலை தடம் மாறுகிறது. டிரான்ஸ்-10, சிஸ்-12 சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் உருவாகிறது. இது பொல்லாதது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேல் பாமன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 10 கிராம் வீதம் நான்கு நாள் பசுவின் இரைப்பைக்குள் செலுத்தியபோது, பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

இத்துனூண்டு பொருளுக்கு எப்படி இவ்வளவு சக்தி? மடியின் செல்களில் எஸ்.ஆர்.இ.பி.பி.-1 என்று ஒரு புரதம் உண்டு. வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி. செல்லுக்குள் சவ்வில் ஒட்டியிருக்கும். தேவைப்படும்போது வெட்டப்பட்டு, அதன் ஒரு துண்டு உட்கருவுக்குப் போய், கொழுப்பு செய்யும் நொதிகளுக்கான மரபணுக்களை இயக்கும். சி.எல்.ஏ. வந்தால் உட்கருவுக்குப் போகும் துண்டு குறைகிறது. கொழுப்பு செய்யும் நொதி, இரத்தத்திலிருந்து கொழுப்பை இழுக்கும் நொதி இரண்டுமே ஒருசேரத் தளர்கின்றன. மிச்சமாகும் சக்தி உடம்பில் சேரலாம். பால் இளைக்க, மாடு கொழுக்கும்!

எண்ணெயை நிறுத்தி, மாவைக் குறைத்து, வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் கூட்டச் சொன்னேன். மூன்று வாரத்தில் கொழுப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. அவர் பெயரும் திரும்பியது.

ஆகவே, அடுத்த முறை பால் இளைத்தால், "தண்ணி கலந்தீங்களா?" என்று கேட்கும் முன், "மாட்டுக்கு என்ன போடுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.