விருந்தாளிக்கு எது சேராது? கேட்டுச் சமைப்போம்

வீட்டுக்கு வந்தவரை வயிறு நிறையச் சாப்பிட வைத்து அனுப்புவது நம் வழக்கம். "போதும்மா" என்று கையை மறைத்தாலும் விடமாட்டோம். "ஒரு கரண்டிதானே, ஒண்ணும் ஆகாது" என்று இலையில் வைத்துவிடுவோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் சிலருக்கு அந்த ஒரு கரண்டியே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நம் குழுக்களில் பலர் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று சமையல் ஆர்டர் எடுக்கிறோம். 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பொறுப்பும் குழுப் பெண்களிடம் வந்தது. எனவே இந்த விஷயத்தை நாம் அனைவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

"சேராது" என்றால் என்ன?

இந்த ஒரே வார்த்தையில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

ஒன்று, ஒவ்வாமை. இதைத்தான் அலர்ஜி என்கிறோம். நல்ல உணவையே உடம்பு எதிரி என்று நினைத்து எதிர்க்கிறது. நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா ஆகியவற்றால் இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். காணாக்கடி போலத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். இதற்கு மிகச் சிறிய அளவே போதும்.

இன்னொன்று, செரிக்காமல் போவது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி சிலருக்குக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும். கஷ்டம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. பால் தயிராக உறையும்போது அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடும். அதனால் இவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் அலர்ஜி உள்ளவருக்குத் தயிர், மோர், நெய் எதுவுமே கூடாது. ஆகவே "பால் சேராது" என்று ஒருவர் சொன்னால், "மோர் சாப்பிடுவீங்களா? சாப்பிட்டா என்ன செய்யும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலருக்குக் கோதுமை குடலையே கெடுக்கும். உடனே வெளியில் தெரியாது என்பதால் "கொஞ்சம் சாப்பிடலாம்" என்று சொல்லக்கூடாது. கோதுமை ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமைதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் பயமில்லை. ஆனால் கோதுமை அரைத்த மிஷினில் அடுத்ததாக அரைத்த மாவாக இருக்கக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவை

* கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம் இரண்டிலும் அது போய்விடும்.
* புளியோதரையில் நிலக்கடலையும் எள்ளும் இருக்கும். இட்லிப் பொடியில் எள் இருக்கும். எள் சேராதவருக்கு நல்லெண்ணெயும் ஆகாது.
* குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருப்போம். வெளியில் தெரியாது.
* நிலக்கடலை சேராதவருக்குச் செக்குக் கடலெண்ணெய் வேண்டாம்.
* பொட்டுக்கடலை வேறு, நிலக்கடலை வேறு. "கடலை சேராது" என்றால் எந்தக் கடலை என்று கேளுங்கள்.

வேகவைத்தாலும் வறுத்தாலும் நிலக்கடலையின் அலர்ஜி போகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆர்டர் எடுக்கும்போதே, "யாருக்காவது எதுவும் சேராம இருக்கா?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.
2. அவருக்கான சமையலை முதலில் முடித்து, மூடித் தனியே வையுங்கள். பாத்திரம், கரண்டி, மிக்சி ஜார் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் போதாது.
3. இறால் பொரித்த எண்ணெயில் வடை சுட வேண்டாம்.
4. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அலர்ஜி தரும் முக்கியப் பொருள்கள் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. பொடி, ஊறுகாய், தின்பண்டம் பாக்கெட் போட்டு விற்கும் குழுக்களுக்கும் இது பொருந்தும்.
5. பரிமாறுபவரிடம் சொல்லிவையுங்கள். நெய் இல்லாமல் செய்த பொங்கலில் கடைசியில் ஒருவர் நெய்யை விட்டால், செய்ததெல்லாம் வீண்.
6. சந்தேகம் இருந்தால், "இதுல என்ன சேர்ந்திருக்குன்னு சரியாத் தெரியலைங்க, நீங்க சாப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் எதுவுமில்லை.

தனிச் சமையல் என்றால் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். பாசிப்பருப்புப் பாயசத்தில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றி, முந்திரிக்குப் பதில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறித் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போடலாம். பால், நெய், முந்திரி, கோதுமை எதுவும் இல்லை. எல்லாருக்கும் இதையே பரிமாறினால் ஒருவரைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் வேண்டியதில்லை.

ஆபத்து வந்தால்

சாப்பிட்டவருக்கு மூச்சு வாங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, தலை சுற்றிக் கிறங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வையுங்கள். நடக்கவிட வேண்டாம். கஷாயம், ரசம், தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். இதற்கென்று டாக்டர் கொடுத்த ஊசியை அவர் வைத்திருந்தால், உடனே போட்டுக்கொள்ள உதவுங்கள். அலர்ஜி மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்கக்கூடாது. என்ன சாப்பிட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

சொன்னதை நம்புவோம்

புதிதாக வந்த மருமகள், வெளியூர்ச் சம்பந்தி, சின்னப் பிள்ளைகள் கூச்சத்தில் சொல்லாமலே சாப்பிட்டுவிடுவார்கள். சொன்னாலும், "எல்லாம் பழகினா சரியாயிடும்" என்பார்கள் வீட்டில். அலர்ஜி அப்படிப் பழகிச் சரியாவதில்லை. தெரியாமல் கொஞ்சம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது பெரிய தவறு. ஒருவர் வேண்டாம் என்றால் அது நம் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதாகாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுவோம். நம் உறுப்பினர் வீடுகளில் யாருக்கு எது சேராது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவோம்.