பாடம் பருவத்தை முந்த வேண்டும்

பல பள்ளிகளில் உடல்நல வகுப்பு என்பது ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் முகாம். மகளிர் மருத்துவர் ஒருவர் வருவார். ஆறாம் வகுப்புக்கு மேலுள்ள மாணவிகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து மாதவிடாய் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். நாப்கின் பாக்கெட் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். பையன்கள் அந்நேரம் மைதானத்தில் இருப்பார்கள். வந்தவர் நல்ல மருத்துவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் பலருக்கு அது காலம் கடந்த பாடம். மறுநாள் எழும் சந்தேகத்தைக் கேட்கவும் அவர் அங்கே இருக்கமாட்டார்.

வயதைப் பார்த்து வகுப்பைத் தீர்மானியுங்கள்

பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகின்றன. ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14க்குள். மார்பகம் அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். என்சிஇஆர்டி அறிவியல் பாடநூல்களில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் பல்லாண்டுகள் எட்டாம் வகுப்பில்தான் இருந்தது. அந்த வகுப்பில் பிள்ளைக்கு 13 வயது. அதற்குள் பல பெண்கள் வயதுக்கு வந்திருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லாத நிலையில் திடீரென்று ரத்தத்தைப் பார்க்கும் குழந்தை, எங்கோ அடிபட்டுவிட்டது, ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்றுதான் நடுங்கும். இந்தப் பாடத்துக்கு உரிய இடம் நான்காம், ஐந்தாம் வகுப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவதையும் நிறுத்த வேண்டும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் உடம்பில் பலம் குறையாது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நரம்புத் தளர்ச்சியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்து, லாட்ஜில் அறை போட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் அந்த மௌனத்தில்தான் பிழைக்கிறார்கள். கூடவே, மாதவிடாயும் பையன்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீருடையில் கறை பட்டால் கேலி செய்பவன், பெரும்பாலும் அது என்னவென்றே தெரியாதவன்.

மணி அடிக்கும் வகுப்பாக இருக்கட்டும்

2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007இல் எதிர்ப்பு கிளம்பியதும் மகாராஷ்டிரா, கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. பிறகு 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி உடல்நலத் திட்டம் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பயிற்சி பெற வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். மனநலம், உறவுகள், சத்துணவு, போதைப்பொருள், இணையப் பாதுகாப்பு, இனப்பெருக்க நலம் என 11 தலைப்புகள். காகிதத்தில் குறையில்லை. ஆனால் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் போட்டால், போர்ஷன் முடிக்காத கணக்கு ஆசிரியர் அதை வாங்கிக்கொள்வார். அந்த வகுப்பைக் காலையில் வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்பதுதான் திட்டமிடலின் முதல் வேலை.

11 தலைப்புகளையும் வரிசையாக நடத்தி முடித்துவிடவும் கூடாது. ஒரே விஷயம் வயதுக்கேற்பத் திரும்பத் திரும்ப வர வேண்டும். தொடுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில், உடல் உறுப்புகள் அனைத்தின் பெயரும் கூச்சமில்லாமல் தெரிந்தால் போதும். மாமா கட்டிப்பிடிக்க வரும்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதும். ஐந்தாம் வகுப்பில் ரகசியம் பற்றிப் பேச வேண்டும். பிடிக்காத தொடுதல்தான் தப்பு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. சாக்லேட் கொடுத்து, மொபைலில் கேம் விளையாட விட்டு நெருங்குகிறவர் முதலில் குழந்தைக்குப் பிடித்தவராகவே இருப்பார். மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், தவறாக நடந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்னால், அதையே உடனே போய்ச் சொல்ல வேண்டும். குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டிய அடையாளம் இதுதான். எட்டாம் வகுப்பில் இதே பாடம் போனில் போட்டோ கேட்பவரைப் பற்றியதாக மாறும். பத்தாம் வகுப்பில் காதல், மறுப்பு, மறுப்பை ஏற்றுக்கொள்வது, சட்டம்.

சீட்டுப் பெட்டி

“சந்தேகம் இருக்கா?” என்றால் வகுப்பு மௌனமாகத்தான் இருக்கும். பலன் தரும் ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய துண்டுச் சீட்டைக் கொடுங்கள். கேள்வி இல்லாதவர்களும் சும்மா இருக்கக் கூடாது. “கேள்வி இல்லை” என்றாவது எழுத வேண்டும். அப்போதுதான் யார் பேனா ஓடுகிறது என்று பக்கத்திலிருப்பவர் கவனிக்கமாட்டார். சீட்டுகளை மடித்து அட்டைப் பெட்டியில் போடட்டும். பதிலை அன்றே சொல்ல வேண்டாம். ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, தெரியாததை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் பேசலாம்.

அந்தச் சீட்டுகளே அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டம். “எனக்கு மட்டும் ஏன் இன்னும் வரல?”, “தீட்டுன்னா சாமி கும்பிட்டா பாவமா?”, “அப்பா தினமும் குடிக்கிறார், நானும் அப்படி ஆயிடுவேனா?” போன்ற கேள்விகளை எந்த வல்லுநர் குழுவும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ, ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலியால் பள்ளிக்கு வரமுடியாமல் போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது போன்ற தெளிவான பதில்கள் இங்கேதான் பயன்படும்.

ஒரு பிள்ளை வாய் திறந்தால்

இந்த வகுப்பை நடத்தினால் என்றாவது ஒரு நாள் ஒரு பிள்ளை தனியாக வந்து நிற்கும். அன்று என்ன செய்வது என்பது முதல் வகுப்புக்கு முன்பே ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்புங்கள், முழுவதும் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதே தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநலத்துக்கு 14416 ஆகிய எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதினால், எல்லோரும் பார்க்க நின்று எந்தப் பிள்ளை குறித்துக்கொள்ளும்?

பெற்றோர்

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போய்விடும் என்ற பயம் உண்மையானது, அலட்சியப்படுத்தக் கூடாது. முறையான பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் ஈடுபடுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ காட்டியிருக்கிறது. ஆனாலும் புள்ளிவிவரத்தைவிட, ஜூன் மாதக் கூட்டத்தில் பாடப் பக்கங்களையே அம்மா, அப்பாக்களின் கையில் கொடுப்பது பயன் தரும். படித்துப் பார்த்த அம்மாக்கள் பலருக்கு, தங்கள் வயதில் யாரும் சொல்லாதது அதில் இருக்கும்.