ஒரு குவளை நீரும் ஒரு கிண்ண நுரையும்

தாராவியின் ஒற்றை அறை வீடொன்றில் விடியற்காலை. குழாயில் நீர் வரும் நேரம் முடிந்துவிட்டது. பீப்பாயில் பிடித்து வைத்ததைக் கொண்டே வீட்டார் அனைவரும் புறப்பட வேண்டும். முதல் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞன் ஒரு குவளை நீரை எடுத்துக்கொண்டு, குளியல் சோப்பைக் கன்னத்தில் தேய்த்து, அவசரமாக ரேசரை இழுக்கிறான். பாதி முகம் முடிவதற்குள் நுரை காய்ந்துவிடுகிறது. தாடையில் இரண்டு கீறல்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் ஒரு துளி இரத்தம். மும்பைத் தமிழர்களாகிய நம்மில் பலரும் இத்தகைய ஒரு காலையைக் கடந்தே வந்திருக்கிறோம். அன்று நாம் பிளேடைக் குறை கூறினோம். உண்மையில் குறை நுரையில்தான் இருந்தது.

உலர்ந்த முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் அது மென்மையாகி எளிதில் அறுபடும். அந்த நீரை முடியின்மேல் நிறுத்தி வைப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல வழிசெய்வதுமே நுரையின் பணி. எனவே நல்ல நுரை என்பது பொங்கி நிற்கும் குமிழிகள் அல்ல. நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும் மென்மையான குழைவே.

இந்த வேதியியல் நமக்குத் தொலைவில் இல்லை. மாட்டுங்காவில் உள்ள வேதியியல் தொழில்நுட்பக் கழகம், 1933-ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பட்டது. எண்ணெய்களும் அவற்றிலிருந்து பெறப்படும் பொருள்களும் அங்கே தனிப் பாடம். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு விரைவில் நுரைக்கும். ஆனால் பெரிய குமிழிகள் விரைவில் உடைந்தும் போகும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அது சிறு குமிழிகளைத் தந்து, நுரையை நிலைநிறுத்துகிறது. குளியல் சோப்புக்குச் சோடியம் காரம் போதும். சவர சோப்பிலோ பொதுவாகப் பொட்டாசியம் காரமும் சேர்வதால் அது நீரில் எளிதில் கரைகிறது. ஈரத்தைக் காக்கக் கிளிசரினும் உண்டு.

இனிச் செய்முறையைக் காண்போம். இயற்கை முடியாலான பிரஷ் எனில், முகம் கழுவும் நேரத்தில் அதை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். செயற்கை இழை பிரஷை நனைத்தாலே போதும். பின்னர் நீர் சொட்டாத அளவுக்கு உதறிவிட்டு, சோப்பின்மேல் அரை நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். பிரஷின் நுனியில் பசை போன்ற சோப்பு படிந்திருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். சோப்பைக் குறைவாக எடுத்துவிட்டு, நுரை வரவில்லையென நீரை அள்ளி ஊற்றுகிறார்கள்.

அடுத்து, பிரஷைக் கிண்ணத்திலோ கன்னத்திலோ சுழற்றுங்கள். விரல் நுனியால் சில துளி நீர் சேருங்கள், மீண்டும் சுழற்றுங்கள், மீண்டும் சில துளிகள். ஒன்றிரண்டு நிமிடங்களில் நுரை கெட்டித் தயிரைப் போலத் திரண்டு, மெல்லிய பளபளப்புப் பெறும். மங்கலாகவும் ஒட்டும் தன்மையோடும் இருந்தால் நீர் போதவில்லை. கண்ணுக்குத் தெரியும் குமிழிகளோடு வழிந்தால் நீர் மிகுந்துவிட்டது. மீண்டும் சிறிது சோப்பு எடுங்கள். ஐயமிருப்பின் சிறிது நுரையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் ரேசரை எடுக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை திரளவில்லையெனில் நீரைச் சோதியுங்கள். தான்சா, வைதர்ணா, பாட்சா முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து மும்பைக்கு வரும் மழைநீர் மென்னீர். செம்பூரில் உங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீரோ டேங்கர் நீரோ கலக்கும் நாளிலும், கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதும் நிலைமை மாறலாம். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகிவிடும். அப்போது சோப்பைச் சற்று கூடுதலாக எடுங்கள். அல்லது சுத்திகரித்த குடிநீரில் அரைக் குவளை ஒதுக்குங்கள். நுரைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

சிக்கனமும் இதில் அடங்கியுள்ளது. 100 கிராம் சோப்பு வட்டு ஒன்று, நாள்தோறும் சவரம் செய்பவருக்கும் சில மாதங்கள் வரும். பயன்படுத்தியபின் சோப்பில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். பிரஷை அலசி, உதறி, காற்றாட வையுங்கள். பிரஷையும் பிளேடையும் பிறரோடு பகிர வேண்டாம்.

இந்தக் கைத்திறனையே வாழ்வாதாரமாகக் கொண்டோரும் நம்மிடையே உள்ளனர். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களுள் முடிதிருத்தமும் ஒன்று. தகுதியுடையோருக்குப் பிணையின்றி முதலில் 1 லட்சம் ரூபாய் வரையிலும், பின்னர் 2 லட்சம் ரூபாய் வரையிலும் 5 விழுக்காடு வட்டியில் கடன் வழங்க அத்திட்டம் வகை செய்தது. சலூன் நடத்தும் நண்பர் உங்களுக்கு இருந்தால் இதை அவரிடம் கூறுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மகனோ தம்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னரே பிரஷை அவன் கையில் கொடுங்கள். இரண்டு மூன்று காலைகளில் கை பழகிவிடும். அதன்பின் அவனுக்கு வேண்டியது ஒரு குவளை நீரும் ஐந்து நிமிடப் பொறுமையும் மட்டுமே.