ஆட்டினாலும் அணையாத விளக்கு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே பேசலாம். முதலில் ஓர் எளிய கேள்வி. எண்ணெய் விளக்கு ஏன் புகைகிறது?

விளக்கில் எரிவது திரி என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் திரி வழியே ஏறிவரும் எண்ணெய் சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. எரியும்போது மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகி, சுடரின் சூட்டில் பழுத்து ஒளிர்கின்றன. நாம் பார்க்கும் மஞ்சள் வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கரியின் ஒளி. துகள் சுடரின் ஓரத்துக்கு வரும்போது போதிய காற்று கிடைத்தால் முழுதாக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் எரியாமல் தப்பித்து, கூரையிலும் சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம், புகை இரண்டுக்கும் சரக்கு ஒன்றே. நமக்கு எது கிடைக்கும் என்பது காற்றைப் பொறுத்தது.

இதைப் பிடித்துக்கொண்டால், 19ஆம் நூற்றாண்டில் விளக்குகள் ஏன் அப்படி மாறின என்பது தானாகவே விளங்கும். எண்ணெய் மாறியதால் விளக்கு மாறியது என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. காற்றை எந்த வழியாக, எவ்வளவு, எந்த வேகத்தில் சுடருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதே பெரிய வேலையாக இருந்தது.

கணக்கைத் தொடங்கிவைத்தவர் ஜெனீவாக்காரரான ஆர்காண்ட். தடித்த திரி போட்டால் வெளிச்சம் கூடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் புகைதான் கூடும், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஆவிக்குக் காற்று போய்ச் சேராது. ஆர்காண்ட் திரியைக் குழாய் போல வட்டமாக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள்; நடுவில் உள்ள சந்தில் திரி. உள்குழாய் வழியாகக் கீழிருந்து காற்று ஏறி, சுடரின் உட்புறத்தைத் தொடும். வெளிப்புறத்துக்கு வெளிக்காற்று. சுடர் ஒரு மெல்லிய வளையமாகி, இரு பக்கமும் மூச்சு விட்டது. அதன்மேல் ஒரு கண்ணாடிச் சிம்னி. சிம்னிக்குள் சூடான காற்று லேசாகி மேலே ஓட, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று ஓடிவருகிறது. அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதும் வேலையை, ஊதுவதற்கு ஆளில்லாமலே சிம்னி செய்கிறது. 1784இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு விளக்கு ஆறு முதல் பத்து மெழுகுவர்த்தி வரை வெளிச்சம் தந்தது. இரண்டே ஆண்டில் அந்தக் காப்புரிமை நீதிமன்றத்தில் ரத்தானது. பாரிஸில் வேறொருவர் செய்து விற்க, அங்கே விளக்குக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆர்காண்ட் 1803இல் வறுமையில் இறந்தார். உலகம் அவருக்குச் செய்தது அநியாயம்.

ஆர்காண்ட் விளக்கிலும் ஒரு தொல்லை இருந்தது. அன்றைய எண்ணெய்கள், அதாவது கடுகு இனத்தைச் சேர்ந்த கோல்சா எண்ணெயும் திமிங்கில எண்ணெயும், கெட்டியானவை. திரியில் கொஞ்ச உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சுடரின் மட்டத்துக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டி வந்தது. அது ஒரு பக்கத்தை நிழலாக்கியது. பாரிஸ் கடிகாரக்காரர் கார்செல் 1800இல் பாத்திரத்தை அடியில் வைத்து, கடிகாரச் சாவியால் ஓடும் பம்ப் ஒன்றைப் பூட்டினார். எண்ணெய் தேவைக்கு அதிகமாகவே ஏறித் திரியை நனைத்து வழியும், திரி கருகாது. அவ்வளவு சீராக எரிந்ததால், மணிக்கு 42 கிராம் கோல்சா எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கின் வெளிச்சத்தையே பிரான்சில் ஒளியை அளக்கும் அலகாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் விலை அதிகம், பழுதானால் கடிகாரக்காரரிடம்தான் போகவேண்டும். 1830களில் ஃபிரான்ஷோ என்பவர் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஒரு சுருள்வில்லையும் தோல் பிஸ்டனையும் வைத்தார். வில் முறுக்காக இருக்கும்போது எண்ணெய் வேகமாக ஏறும், தளரும்போது மெதுவாகும் அல்லவா? அதற்காக எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு கூரான கம்பியை விட்டார். வில் பலமாக இருக்கையில் கம்பி வழியை அடைக்கும். தளரத் தளர வழி திறக்கும். இந்தக் கம்பிக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. கனடாவின் கெஸ்னர், ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், போலந்தின் லுகாசியேவிச் என்று பல இடங்களில் பலர் ஒரே காலத்தில் இதை எட்டினார்கள். 1853 ஜூலை 31 இரவு, லெம்பெர்க் நகர மருத்துவமனையில் லுகாசியேவிச் செய்த மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்ததும் விலை சரிந்தது. மண்ணெண்ணெய் நீர்த்தது, தானாகவே திரியில் ஏறிவிடும். பம்பு, வில், கம்பி எல்லாம் ஒரே வீச்சில் தேவையற்றுப் போயின. அடியில் எண்ணெய், மேலே தட்டைத் திரி, அதை ஏற்றி இறக்கப் பல்சக்கரம், திரியின்மேல் பிளவுள்ள ஒரு கவிகை. கவிகையைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். கீழிருந்து வரும் காற்றைத் திரட்டி, சுடரின் இரு பக்கத்திலும் உரசிப் போகவைப்பது அதுதான்.

மண்ணெண்ணெயில் ஆபத்தும் இருந்தது. சீக்கிரம் ஆவியாகும் நாப்தாவை அதில் கலந்து விற்ற வியாபாரிகளால் விளக்குகள் வெடித்தன, வீடுகள் எரிந்தன. எந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவி தீப்பற்றும் என்று மூடிய பாத்திரத்தில் சோதிக்கும் ஏபெல் முறையைப் பிரிட்டன் 1879இல் சட்டமாக்கியது. 73 பாரன்ஹீட்டுக்குக் கீழே பற்றினால் அது ஆபத்தான எண்ணெய். இதை நினைவில் வையுங்கள், ரயிலுக்கு வரும்போது தேவைப்படும்.

மேசைமேல் வைத்த விளக்கு நன்றாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தால்? சிம்னி மேல்நோக்கி இழுப்பதற்கு ஒரு மெல்லிய அழுத்த வித்தியாசம்தான் காரணம். மேல்வாயில் ஒரு காற்று அடித்தால் அந்த வித்தியாசம் தலைகீழாகும். காற்று மேலிருந்து கீழே தள்ளிச் சுடரை அமுக்கிவிடும். விளக்கைச் சட்டென்று இறக்கினாலும் இதே கதை. சுற்றிலும் கண்ணாடி போட்டு மூடிவிடலாமே என்றால், முழுக்க மூடினால் மூச்சுத் திணறும், திறந்தால் அடித்து அணைக்கும்.

அமெரிக்கரான ஜான் இர்வின் 1860களின் இறுதியில் கண்டுபிடித்த வழியை, இந்தக் கதையிலேயே மிகச் சிறந்த யோசனை என்பேன். கண்ணாடியின் இருபுறமும் இரண்டு தகரக் குழாய்களை வைத்து, விளக்கின் தலையையும் அடியையும் அவர் இணைத்தார். சுடரிலிருந்து எழும் சூடான காற்றில் ஒரு பகுதி, மேலே கொஞ்சம் புதுக்காற்றோடு கலந்து, குழாய்கள் வழியாக இறங்கிப் பர்னருக்குத் திரும்புகிறது. இப்போது ஒரு பலத்த காற்று தலையில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தம் கண்ணாடி வழியாக மேலிருந்து சுடரைத் தள்ளும். அதே அழுத்தம் குழாய்கள் வழியாக அடிக்குப் போய்க் கீழிருந்தும் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, சுடர் நடுவில் அசையாமல் நிற்கிறது. காற்றைத் தடுக்காமல், அதையே அதற்கு எதிராக நிறுத்தியிருக்கிறார். அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது.

அதில் ஒரு குறையும் இருந்தது. திரும்பி வரும் காற்று ஏற்கெனவே எரிந்த காற்று. ஆக்சிஜன் குறைவு, சுடர் மங்கல். சில ஆண்டுகளில், 1873 வாக்கில், இர்வினே அதைத் திருத்தினார். எரிந்த புகை நடுவில் நேராக வெளியேறும். குழாய்களுக்குள் போவது அதைத் தொடாமல் வெளியிலிருந்து உறிஞ்சிய சுத்தமான குளிர்காற்று. சுடர் வெளுத்தது, வெளிச்சம் ஏறக்குறைய இரு மடங்கானது. டீட்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க விற்ற இந்த அமைப்புதான் நம் வீடுகளுக்கு அரிக்கேன் விளக்காக வந்து சேர்ந்தது.

ரயில்வேக்காரர்கள் கைக்கு எது வந்தது? இர்வினின் இந்த விளக்கைத்தான் அவர்கள் பாய்ந்து எடுத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் அமெரிக்க ரயில் ஊழியர்களின் கைலாந்தர்களில் பெரும்பாலானவை குழாயே இல்லாத பழைய வகை. அடியிலுள்ள துளைகளில் காற்று நுழைந்து, தலை வழியாகப் புகை போகும், சுற்றிக் கம்பிக்கூண்டு. வெளிச்சம் குறைவு. இதைப் பின்தங்கிய விளக்கு என்று சொல்பவர்கள் அதன் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டு விளக்கு, பொருளைக் காட்டுவதற்கு. ரயில் விளக்கு, தன்னைத்தானே காட்டுவதற்கு. இருட்டில் சிறு சுடரே வெகுதூரம் தெரியும். தண்டவாளத்துக்குக் குறுக்கே ஆட்டினால் நில். மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் போ. குறுக்காக வட்டம் சுற்றினால் பின்னால் வா. இஞ்சின் ஓட்டுநர் படிப்பது அசைவை. அந்த நேரத்தில் விளக்கு அணைந்தால் உயிர்கள் போகும்.

எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான். பன்றிக்கொழுப்பு எண்ணெயில் கனிம எண்ணெய் கலந்த கெட்டியான 'சிக்னல் ஆயில்' அமெரிக்க ரயில்களில் நெடுநாள் இருந்தது. பிரிட்டனில் கோல்சா வகை எண்ணெய். ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல் நடந்து கையால் பிரேக் போட்டவர்கள் விளக்கைத் தவறவிடுவது சகஜம். விழுந்து உடைந்தாலும் உடனே தீப்பற்றாத எண்ணெய் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஆரம்பக் காலத்தில் கண்ணாடியை லாந்தரின் தலையோடு சாந்து வைத்து ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் லாந்தரே போயிற்று. பிறகு கீல் வைத்த மூடி வந்தது. கண்ணாடியைக் கழற்றி மாற்றலாம். கண்டக்டரின் லாந்தருக்குப் பெரிய வளையப்பிடி. முழங்கையில் கோத்துக்கொண்டு இரு கைகளாலும் டிக்கெட்டைப் பார்ப்பார். பிரிட்டனில் வேறு மரபு: முன்பக்கம் குவிந்த தடித்த லென்ஸ், உள்ளே சுழலும் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள். தலையைத் திருகினால் நிறம் மாறும். இந்தியாவில் கார்டுகள் கையில் பார்த்த மூவண்ணக் கைவிளக்கும் இந்த வழிவந்ததே.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் எச்சரிக்கை, வெள்ளை என்றால் போ. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டால் என்ன தெரியும்? வெறும் சுடர், அதாவது வெள்ளை, அதாவது 'போ'. ஊர்களில் தெருவிளக்குகள் பெருகியபோது எது சிக்னல், எது யாரோ வீட்டு விளக்கு என்ற குழப்பமும் சேர்ந்தது. 1890களில் பிரிட்டனும் பிறகு அமெரிக்காவும் வெள்ளையைக் கைவிட்டு, 'போ' என்பதற்குப் பச்சையை வைத்தன. பழைய சிக்னல் விளக்கின் பச்சைக் கண்ணாடியை வெயிலில் பார்த்தால் நீலம் கலந்து தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சள் அதிகம், நீலம் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் கண்ணாடியில் நீலம். இரண்டும் சேர்ந்து தூரத்தில் தெளிந்த பச்சையாகும்.

நிறத்தைப் பார்க்கும் கண்ணையும் சோதிக்கவேண்டி வந்தது. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா அருகே இரண்டு ரயில்கள் மோதின. நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று கருதிய உப்சாலா பேராசிரியர் ஹோல்ம்கிரென், வண்ணக் கம்பளி நூல்களைப் பிரித்து அடுக்கச்சொல்லும் ஒரு சோதனையை ரயில் ஊழியர்களுக்காகக் கொண்டுவந்தார்.

கடைசித் தொல்லை கண்ணாடியே. உள்ளே சுடர், வெளியே மழையோ பனியோ. ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் சுருங்க, கண்ணாடி விரிசல்விட்டுவிடும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1910ஐ ஒட்டி, சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் நானெக்ஸ் என்ற கண்ணாடியைச் செய்து இதைத் தீர்த்தது. பேட்டரி ஜாடிகளும் அதில் செய்தார்கள். 1913இல் அங்கே வேலை பார்த்த லிட்டில்டன் என்பவரின் மனைவி, அறுத்தெடுத்த ஒரு ஜாடியின் அடிப்பகுதியில் கேக் சுட்டுப் பார்த்தார், கண்ணாடி தாங்கியது. அந்தத் தடத்தில் 1915இல் வந்ததுதான் பைரெக்ஸ் சமையல் பாத்திரம்.

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பழைய அரிக்கேன் விளக்கு இருந்தால், பக்கக் குழாய்கள் மேலே எங்கே போய்ச் சேர்கின்றன என்று பாருங்கள். கண்ணாடிக்கு நேர்மேலே உள்ள மூடியில் கலந்தால் இர்வினின் முதல் வகை. புகைபோக்கியைச் சுற்றித் தனியாக ஒரு காற்றறை இருந்து, அதிலிருந்து குழாய்கள் இறங்கினால் இரண்டாம் வகை. திரியை நேராக வெட்டி, இரு முனைகளையும் லேசாகக் கத்தரித்து, மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றி ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பெட்ரோலோ தின்னரோ ஒரு சொட்டும் கூடாது. தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.