சீனக்குடாவில் வீழ்ந்த வான்வீரன்

1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள், வியாழக்கிழமை. பங்குனி முடிந்து புத்தாண்டு பிறக்கச் சில நாட்களே எஞ்சியிருந்தன. அன்று காலை ஏழரை மணியளவில் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது யப்பானிய விமானங்கள் திரள்திரளாய் வந்து குண்டு பொழிந்தன. எண்ணெய்க் குதம் எரிந்த கதையையும் கப்பல்கள் அழிந்த கதையையும் எம்மூர் முதியோர் பலகாற் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயின் அன்று சீனக்குடாவின் வானில் அடியுண்டு காட்டில் வீழ்ந்த ஒரு வீரனின் பெயரை எம்மவரிற் சிலரே அறிவர். அல்பேட் ஜெரால்ட் லூயிஸ் என்பது அவர் பெயர். இரு முறை வீரச்சின்னம் பெற்றவர். அவர் பெற்ற சின்னங்களைப் பற்றியும், சின்னம் எதுவும் பெறாத அந்த ஒரு நாளைப் பற்றியுமே இங்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலிற் காலச்சூழலைச் சுருங்க நோக்குவோம். அவ்வாண்டு பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது; மார்ச் மாதம் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் வசமாயின. கிழக்கே அரண் எதுவும் இன்றி நின்றது இலங்கை. நான்கு திங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் கடற்படையே, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்து மகா சமுத்திரத்துட் புகுந்தது. ஏப்ரில் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து கற்றலினா என்னும் கடல் விமானத்திற் சென்ற கனேடியரான லெனாட் பேர்ச்சால் அப்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள், ஈஸ்ரர் ஞாயிறன்று, கொழும்பு தாக்குண்டது. திருகோணமலைக்கு எஞ்சியிருந்த அவகாசம் நான்கு நாட்களே.

லூயிஸ் 1918ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆம் நாள் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரிற் பிறந்தவர். வைரச் சுரங்கத்தாற் பெயர் பெற்ற ஊர் அது. போர் தொடங்குமுன்னரே பிரித்தானிய வான்படையிற் சேர்ந்தார். 1940ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு தேசத்திலே 85ஆம் அணியில் ஹரிக்கேன் விமானம் ஓட்டியபோது, 19ஆம் நாள் ஒரே பகலிற் பகைவரின் ஐந்து விமானங்களை வீழ்த்தினார் என்று கணக்கிட்டனர். அதன் பயனாக அவருக்கு டிஸ்டிங்குவிஷ்ட் பிளையிங் குறொஸ் வழங்கப்பட்டது. ‘வான்சிறப்புச் சிலுவை’ எனத் தமிழில் வழங்கலாம் போலும். பின்னர் இங்கிலாந்தைக் காக்கும் வான்போரில் 249ஆம் அணிக்கு மாறினார். செப்ரெம்பர் 27ஆம் நாள் ஆறு விமானங்கள் அவர் கணக்கில் ஏறின. மறுநாளே அவருடைய விமானம் தீப்பற்றியது. குடையின் துணையாற் குதித்து உயிர் தப்பினாரேனும் முகமும் கையும் காலும் வெந்து, சில நாள் கண் தெரியாமற் கிடந்தார். ஒக்டோபரில் முதற் சிலுவைக்கு மேல் இரண்டாம் முறைச் சிறப்பைக் குறிக்கும் வெள்ளிப் பட்டை அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அத்தீப்புண் ஆறியிருக்கவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் விமானத்தில் ஏறிவிட்டார்.

இடையில் ஒரு செய்தி. அதே 249ஆம் அணியைச் சேர்ந்தவர் ஜேம்ஸ் நிக்கல்சன். எரியும் விமானத்தை விட்டு இறங்காமற் பகைவனைத் தாக்கியமைக்காக, பிரித்தானியரின் போர்விமானப் பிரிவில் விக்ரோரியா சிலுவை பெற்ற ஒரே வீரர் அவர். அவரும் ஈற்றில் நம் வங்கக் கடலிலேயே, 1945 மே 2ஆம் நாள், தாம் சென்ற விமானம் தீப்பற்றி வீழ மாண்டார். இங்கிலாந்தின் வானைக் காத்த இருவரை ஊழ் இத்திசைக் கடலுக்கு இழுத்து வந்ததை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது.

1942இல் லூயிஸ் 261ஆம் அணியின் தலைவராயினார். அவ்வணி மோல்ற்றாத் தீவிலே போர் கண்டு பெயர் பெற்றது. மார்ச் மாதத்தில் இன்டொமிற்றபிள் என்ற கப்பலின் தளத்திலிருந்து எழுந்து பறந்து, சீனக்குடா விமானத்தளத்தில் வந்திறங்கியது. தம்பலகாமத்து வயல்வெளிக்கும் உட்துறைமுகத்துக்கும் இடைப்பட்ட அந்நிலம் அன்று காடடர்ந்தது.

ஏப்ரில் 9ஆம் நாட் காலை றேடார்க் கருவி பகைவர் வருகையை முன்னறிந்து கூறிற்று. ஹரிக்கேன்கள் பதினேழும் புல்மார் விமானங்கள் ஆறும் எதிர்கொள்ள எழுந்தன. வந்தவையோ குண்டு வீசுவன தொண்ணூற்றுக்கு மேல், அவற்றைக் காக்கும் சீறோ விமானங்கள் நாற்பது அளவில். வான்போரில் உயரத்தில் நிற்பவனே வலியன். நிலத்தை விட்டு அப்பொழுதே எழும் விமானத்துக்கு வேகமுமில்லை, உயரமுமில்லை; திரும்பி விலகவும் இயலாது. கூட்டை விட்டு எழும் குருவியைப் பருந்து பற்றுவது போன்றதே அது. லூயிசுக்கு நேர்ந்ததும் அதுவே. ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே சீறோவின் குண்டுகள் அவர் விமானத்தைத் துளைத்தன. தோளிற் காயம்பட்ட அவர், குடை விரியவும் போதாத தாழ்ந்த உயரத்திலிருந்து குதித்தார். குடை விரிந்தது. காட்டில் வீழ்ந்து கிடந்தார். அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைய ஒரு நாளே இருந்தது.

அன்று எட்டு ஹரிக்கேன்களும் மூன்று புல்மார்களும் அழிந்தன. தாம் வீழ்த்தியதாகப் பிரித்தானியர் அப்போது சொன்ன தொகைக்கும், பின்னாளில் யப்பானியர் ஏடுகளோடு ஒப்புநோக்கிக் கண்ட தொகைக்கும் பெரிய வேற்றுமை உண்டு. இது ஒருவர் குற்றமன்று. கணப்பொழுதிற் கடந்து செல்லும் போரில், இருவர் சுட்ட ஒன்றை இருவரும் தமதென எண்ணுதல் எங்கும் நிகழ்ந்ததே. ஆகவே லூயிசின் பதினெட்டு என்னும் தொகையையும் நான் அப்படியே கைக்கொள்கின்றேனல்லேன். அக்காலத்து மதிப்பீடு என்றே கொள்கின்றேன்.

அதே முற்பகலில், முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அப்போது விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட முந்நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் அறுநூற்றுவர் அளவினரை மீட்டது.

இனிச் சின்னத்துக்கு வருவோம். வான்சிறப்புச் சிலுவை 1918இல் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளியாலானது, வெண்மையும் ஊதாவுமாகிய சாய்கோடுகள் இட்ட நாடாவில் தொங்குவது. அரசன் வீரனுக்குச் சிறப்புச் செய்தலை நம் முன்னோர் மாராயம் என்றனர். அது பெற்றவன் தன் ஆற்றலைத் தானே எடுத்துக் கூறுதலை நெடுமொழி என்று வஞ்சித்திணையில் வைத்தார் தொல்காப்பியர். சிலுவைக்கும் பட்டைக்கும் இணையான சொல் நம் மொழியில் ஈராயிரம் ஆண்டாக உண்டு என்று வகுப்பிற் கூறினேன். கூரிய மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அன்னிய அரசு தன் துறைமுகத்தைக் காக்கத் தன் வீரனை அனுப்பிற்று. அவன் பெற்ற மாராயத்தால் நமக்கென்ன?” என்று வினவினான்.

வினா நேர்மையானது. பேரரசின் எண்ணெயையும் கப்பலையும் காக்கவே அவ்வணி இங்கு வந்தது. சல்லிக் கரைவலைஞனையோ கிண்ணியா உழவனையோ காக்க அன்று. அதை மறைத்து வீரவணக்கம் பாடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்நாளின் கதை சிலுவையோடு முடியவில்லை. காயத்தோடும் அதிர்ச்சியோடும் காட்டிற் கிடந்த அவரைச் சில மணிநேரத்தின் பின் கண்டெடுத்துத் தளத்துக்குக் கொண்டு சேர்த்தவர்கள் ஊர்மக்கள். குண்டு விழுந்த நாளில் ஊரே அஞ்சியோடுங்கால், வானிலிருந்து வீழ்ந்தவன் எத்தரப்பினன் என்றும் தெளியாத நிலையில், காட்டுட் சென்று அவனைத் தாங்கியவர்கள். அவர் வரலாற்றை எழுதினோர் இவர்களைச் ‘சுதேசிகள்’ என்னும் ஒரு சொல்லோடு விடுத்தனர்.

அதே வஞ்சித்திணையில் தழிஞ்சி என்றொரு துறை உண்டு. போரிற் புண்பட்டு அழிந்தோரைத் தழுவிக்கொள்ளுதல் என்று உரைகாரர் பொருள் செய்வர். பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலையோ புறங்கொடுத்தோர்மேற் படை எறியாமையை இத்துறையாகக் கொண்டது. உரையாசிரியர் கொண்ட தழுவுதல் அரசனுக்கும் படைஞனுக்கும் உரியது. சீனக்குடாக் காட்டிலே அதனைச் செய்தவர்களோ அரசரல்லர், படைஞருமல்லர். மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே: மாராயம் இலண்டனுக்குரியது, தழிஞ்சி நம்முடையது.

லூயிஸ் அவ்வாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து திரும்பினார். 1946இற் படையை விட்டு விலகி 1982இற் காலமானார். ஏப்ரில் 9க்கென அவர் மார்பிற் புதிதாய் எதுவும் ஏறவில்லை. சிறைப்பட்ட பேர்ச்சாலுக்கு அதே சிலுவை வழங்கப்பட்டது; முகாமிற் சக கைதிகளைப் பேணியமைக்காக வேறொரு பட்டமும் போரின்பின் கிடைத்தது.

பகைவர் பக்கத்தையும் மறத்தலாகாது. எண்ணெய்க் குதத்தில் யப்பானிய விமானமொன்று விழுந்து எரிந்தது. தானே மோதினர் என்பர் சிலர். அடியுண்டு விழுந்தது என்பர் சிலர். எவ்வாறாயினும் அதிலிருந்தவர்களும் பெற்றோர்க்குப் பிள்ளைகளே. துறைமுகத்துள் அன்று எரிந்த சகாயிங் என்ற சரக்குக் கப்பல் அடுத்த ஆண்டு மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாய்ப் பயன்பட்டது; எழுபத்தைந்து ஆண்டு கழிந்து 2018இல் இலங்கைக் கடற்படையினர் அதனை மிதக்கவைத்து வெளியே எடுத்தனர். போரிற் பட்ட படைஞர் பலருக்கு நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்திற் பெயர் பொறித்த கல் உண்டு.

காட்டுள் நுழைந்தவர்களுக்குக் கல்லில்லை. அன்று இளைஞராயிருந்தோர் இன்று இலர். அவர்தம் மக்களே முதுமை எய்திவிட்டனர். சீனக்குடா, கப்பல்துறை, தம்பலகாமம், கிண்ணியா ஆகிய ஊர்களில், “எங்கள் அப்பு வெள்ளைக்காரனொருவனைக் காட்டிலிருந்து தூக்கிவந்தார்” என்று வீட்டிற் சொல்லக் கேட்டவர் எவரேனும் இருப்பின், பெயரையும் ஊரையும் இப்பத்திரிகைக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றேன். ஆசிரியத் தோழர்கள் தத்தம் மாணவரைக் கொண்டு வீடுதோறும் கேட்பித்தால் இன்னும் நன்று.