பொங்கற் பறவைக் கணக்கும் குடியானவர்களும்

பயிர்த்தொழில் செய்வோருக்குப் பறவைகள் புதியவை அல்ல. ஏருக்குப் பின்னால் நடந்து வரும் உண்ணிக்கொக்கையும், கம்மங்கொல்லையில் இறங்கும் கிளிக்கூட்டத்தையும் அறியாத குடியானவர் எவரும் இரார். ஆயினும் பறவைகளை ஓட்டுவதற்காகப் பார்ப்பது ஒன்று. எண்ணுவதற்காகப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வழக்கம் தமிழ்நாட்டில் 2015-ஆம் வருஷம் முதல் தைப்பொங்கல் விடுமுறை நாட்களில் நடைபெற்று வருகிறது. பொங்கற் பறவைக் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். பறவைகளில் விருப்பமுள்ளவர்கள் தாமே முன்வந்து இதை நடத்துகிறார்கள். இத்துடன் விடியற்கால நடை, செயல்முறை விளக்கம், சிறுவர்களுக்குச் சித்திரம் தீட்டுதல் முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டால் அது ஊருக்கே ஒரு சிறு திருவிழாவாகி விடுகிறது. இது பட்டணத்தாரின் பொழுதுபோக்கு என்று நிலச்சுவான்தார்கள் ஒதுங்கி நிற்பது தகாது. இதில் கற்பிக்கப்படுபவற்றில் பெரும்பகுதி அவர்களுடைய வயலையே பற்றியது.

பண்டிகைக் காலத்தில் பறவைகளை எண்ணும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. அங்கே கிறிஸ்துமஸ் நாளில் இரு கட்சிகளாகப் பிரிந்து, யார் அதிகப் பறவைகளைச் சுடுவது என்று பந்தயம் இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவை நூல் வல்லார் 1900-ஆம் வருஷத்தில், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று யோசனை கூறினார். அவ்வருஷம் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அது இன்றளவும் நின்றுவிடாமல் நடந்து வருகிறது. நம் நாட்டில் தை மாதம் இதற்கு மிகவும் ஏற்றது. ஏரிகளில் நீர் இருக்கும். வடதேசங்களிலிருந்து குளிருக்கு அஞ்சி வரும் வாத்துகளும் உள்ளான்களும் தங்கியிருக்கும். சம்பா அறுவடை நடக்கும் வயல்களில் மற்றப் பறவைகளும் கூடும்.

எண்ணும் முறை கடினமானதன்று. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷ நேரம் இருந்து, கண்ணால் கண்டனவும் குரலால் அறிந்தனவுமாகிய எல்லாப் பறவைகளையும் இனவாரியாக எண்ணி எழுதவேண்டும். இடம், தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் என்பவை அவசியம். புதுமையான பறவையை மாத்திரம் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில்தான், ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால் அது அங்கே காணப்படவில்லை என்று கொள்ளமுடியும். பெருங்கூட்டமாக இருப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, பிறகு பத்துப் பத்தாகக் கூட்டத்தை அளந்து செல்லவேண்டும். முறத்தில் ஒரு பிடி துவரையைப் பரப்பி, முதலில் மதிப்பிட்டுப் பின்பு எண்ணிப் பார்த்தால் இது எளிதில் கைவரும். களத்து மேட்டில் நெற்குவியலைக் கண்ணாலேயே மதிப்பிடும் குடியானவருக்கு இதில் பட்டணத்தாரைவிடத் திறமை அதிகம் என்றே சொல்லவேண்டும்.

திருவிழாவில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது, பறவைகளின் இரையை அறிவது. வெண்மையாக இருப்பன எல்லாம் ஒரே கொக்கு அல்ல. மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் உடைய உண்ணிக்கொக்கு மாடுகளின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளைத் தின்பது. கரிய அலகும் கரிய காலும் மஞ்சள் விரல்களும் உடைய சின்னக்கொக்கு பெரும்பாலும் மீனும் தவளையும் தின்னும். நடவு வயலில் நத்தை உபத்திரவம் உள்ள இடங்களில் நத்தைக்குத்தி நாரை வந்திறங்குமாயின் அதை விரட்டுவது அறியாமை. அலகின் நடுவே இடைவெளியுள்ள அந்நாரைக்கு நத்தையே முக்கிய உணவு. கிளியும் சில்லையும் தானியம் தின்பன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தானியம் தின்னும் ஊர்க்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சி புழுக்களையே ஊட்டுகின்றன. தகர டப்பாவைத் தட்டி எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுகிறவர் தம் கூலியாட்களில் பாதிப் பேரையும் சேர்த்தே ஓட்டுகிறார்.

இவ்வறிவை வயலில் பயன்படுத்துவதற்குப் பறவைத் தாங்கி ஒரு நல்ல சாதனம். ஒரு கழியின் தலையில் குறுக்காக மற்றொரு கழியைக் கட்டிப் பயிருக்கு ஒன்றிரண்டு அடி உயரமாக நட்டால், கரிச்சானும் மைனாவும் அதில் அமர்ந்து காய்ப்புழுவைப் பிடிக்கும். ஏக்கருக்கு 20 தாங்கிகள் போதும். கொண்டைக்கடலை, துவரை முதலிய பயிர்களில் இது நல்ல பலன் தரும். சோளம், நெல் போன்றவற்றில் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் தாங்கிகளைப் பிடுங்கிவிடவேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைகளுக்கு நாமே ஆசனம் இட்டதாகும்.

சிறுவர்களும் பெரியவர்களும் ஒருங்கே ரசிக்கத்தக்கது கூகையின் கக்கலைப் பிரித்துப் பார்க்கும் செயல்முறை. கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கிச் சீரணமாகாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாழ்மண்டபத்திலோ பழைய கிணற்றிலோ அது தங்குமிடத்தின் கீழே இவ்வுருண்டைகள் கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகளும் தாடைகளும் தனித்தனியே வெளிவரும். ஓர் உருண்டையில் எத்தனை எலி என்று பிள்ளைகளே எண்ணிவிடலாம். கூகை அலறினால் சாவு வரும் என்று அதைக் கல்லெறிந்து கொல்லும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. அதன் அலறலால் சாவு வருவது எலிகளுக்கே என்பதை நூறு பிரசங்கங்களைவிட இந்த ஒரு செயல்முறை நன்றாக விளக்கும். மலேயாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றி எலியை அடக்குகிறார்கள். ஆனால் எலிக்கு விஷம் வைக்கும் வயலில் பெட்டி வைப்பது பயனற்றது. விஷமுண்ட எலியைத் தின்று கூகையும் மாளும். கார்போபியூரான் குருணை மருந்தும் பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. அதை வெறும் மண்ணின்மேல் சிதறவிடுவது, தானியமென்று பொறுக்கும் பறவைக்கு நஞ்சு வைப்பதே ஆகும்.

இனி, மயிலைப் பற்றி. மயில்கள் விதையையும் கதிரையும் தக்காளியையும் அழிப்பதாகப் பல ஜில்லாக்களிலும் முறையீடு உண்டு. அம்முறையீடு நியாயமானது. மயில் 1963-இல் தேசியப் பறவையாக்கப்பட்டது; 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்குத் தீங்கு செய்வது குற்றம். நஷ்டப்படுகிறவர் பறவைக் கணக்கால் என்ன லாபம் என்று கேட்கலாம். 30,000-க்கு மேற்பட்ட பறவை நோக்கர்களின் பட்டியல்களைக் கொண்டு 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, மயில்கள் பெருகி வருவதையும், உழவருக்கு உதவும் பனங்காடை குறைந்து வருவதையும் ஒருங்கே எடுத்துக்காட்டியது. ‘மயில் அதிகம்’ என்று மாத்திரம் எழுதிய மனுவைவிட, இன்ன சர்வே எண்ணில், இன்ன தேதியில், இத்தனை மயில்கள் என்று மூன்று வருஷக் கணக்குடன் எழுதிய மனுவுக்கு எடை அதிகம்.

பறவைகளால் ஓர் ஊரே நன்மை பெறுவதற்கு வேடந்தாங்கலைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டுவந்ததைக் குறித்து அவ்வூரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தார். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்கின்றன. அந்நீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே வேண்டும் என்பது அவ்வூர்க் குடியானவர்களின் நெடுநாளைய அனுபவம். சர்க்கார் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் பறவைகளைக் காத்தது இதனாலேயே. 2022-இல் அவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் உடைய நீர்நிலையாகவும் சேர்க்கப்பட்டது.

விழா நடத்தும் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பறவைகள் நன்றாகத் தென்படுவது சூரியோதயத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம். அந்நேரத்தை வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் செலவிட்டால், பிரமுகர் பேசி முடிக்கும்போது பறவைகள் நிழலுக்குப் போயிருக்கும். ஏரிக்கரையில் ஒலிபெருக்கியும் வெடியும் கூடா. கூடுகளுக்கு அருகே படம் பிடிப்பவர்களை விடலாகாது. தாய்ப்பறவை எழுந்துபோன சிறிது நேரத்தில் காக்கை முட்டையைக் கொண்டுபோய்விடும். தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் ஐந்தாறு பேருக்கு ஒன்று வீதம் இருந்தால் போதும். பட்டியல்களை இ-பேர்ட் என்னும் பொதுப்பதிவில் கைபேசி வழியாகச் சேர்க்கலாம். அத்துடன் ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்தில் வைப்பது, மறுவருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஏரியில் வளர்ந்த கருவேல மரங்களை ஏலம் விடும் ஊர்களில் இன்னொரு காரியமும் உண்டு. நாரைகளும் கொக்குகளும் அம்மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கணக்கெடுப்பின்போது எந்தெந்த மரத்தில் கூடுகள் உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அம்மரங்களை நிறுத்திவைக்கும்படியும், மற்றவற்றைக் குஞ்சுகள் பறந்துபோன பின்பே வெட்டும்படியும் ஏலம் கூறுவதற்கு முன்னரே அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்து, ஏல நிபந்தனையில் சேர்ப்பித்துக்கொள்ள வேண்டும்.