ஸெல்ப் எடுக்காத கார்

குழந்தைகளுக்கு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காட்டியாயிற்று. கிளிஞ்சல் மாலையும் வாங்கியாயிற்று. இருட்டுவதற்குள் செங்கற்பட்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று காரில் ஏறி உட்காருகிறீர்கள். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே 'டக்'. திருக்கழுக்குன்றம் வழியாக வீடு சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கடைசிப் பிள்ளையோ பின் சீட்டில் தூங்கி வழிகிறான்.

உடனே நாலு பேர் கூடுவார்கள். "பாட்டரி போச்சுங்க" என்பார் ஒருவர். "ஸெல்ப் மோட்டாரையே மாத்தணும்மா" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் பேச்சை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, மறு வாரமே பழைய 'டக்'கைக் கேட்ட குடும்பங்கள் உண்டு. ஆகையால் இந்த ஸெல்ப் சமாசாரத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காரோட்டுகிறவர் நீங்களானாலும் சரி, உங்கள் வீட்டுக்காரரானாலும் சரி.

பெண்கள் இந்த மோட்டாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்ற வழி செய்தார். 1912-ம் வருஷத்துக் காடிலாக் காரில் அது வந்தது. பெண்கள் பிறர் உதவியில்லாமல் காரைக் கிளப்புவது அதன் பிறகு சுலபமாயிற்று. நம் பழைய அம்பாஸடரில் ஸெல்ப்போடு, அவசரத்துக்குக் கைப்பிடியும் இருந்தது. இப்போதைய கார்களில் அதைச் செருகத் துவாரமே கிடையாது. ஸெல்ப் மோட்டார்கள் நம் பக்கத்திலேயே தயாராகின்றன. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி சென்னை பாடியில் இவற்றைச் செய்கிறது.

சாவியைத் திருப்பியதும், மோட்டாரின் முதுகில் இருக்கும் ஸோலனாய்டு என்ற மின்காந்தத்துக்குச் சிறு மின்சாரம் போகிறது. அது ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோத்துவிடும். அதே இழுப்பில் பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியையும் மோட்டாரோடு சேர்த்துவிடும். நீங்கள் கேட்கும் 'டக்' இதுதான். ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் குடிக்கிறது என்றால், ஸெல்ப் மோட்டார் சிறிய காரில்கூட 100 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். இவ்வளவு மின்சாரம் ஓடும் பாதையில் மெல்லிய துருப் படலம் குறுக்கே நின்றாலும் மோட்டார் பட்டினிதான்.

கடலோரத்தில் வில்லத்தனம் செய்வது இந்தத் துருவே. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியும் கேட்டுத் தாழ்ப்பாளும் படும் பாடு தெரியும். அதே உப்புக் காற்று காரின் பானெட்டுக்குள்ளும் புகுகிறது. பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூக்கிறது. எஞ்சினையும் பாட்டரியையும் இணைக்கும் எர்த் கம்பியின் முனை உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகிறது. பழியோ மோட்டாரின் தலையில்!

ஆகவே முதலில் கண்ணையும் காதையும் உபயோகியுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். (சில புதிய கார்களில் அந்தச் சமயம் ஹெட்லைட் தானே அணையும், அங்கே உள்விளக்கைப் பாருங்கள்.) விளக்கு மங்கி, 'டக டக டக' என்று ஓயாமல் அடித்தால் பெரும்பாலும் பாட்டரி பலவீனம், அல்லது முனைகளில் அழுக்கு. விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' கேட்டால் மோட்டார்மீதோ ஸோலனாய்டுமீதோ சந்தேகப்படலாம். மோட்டார் மட்டும் 'விர்'ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பல்சக்கரம் கோக்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் பாட்டரியைக் கவனிக்க வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும், மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி எர்த் கம்பி. பாட்டரி திடம், கம்பிகள் சுத்தம், சாவியைத் திருப்பும்போது ஸோலனாய்டின் சின்னக் கம்பியில் மின்சாரமும் வருகிறது. அப்படியும் மோட்டார் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது மோட்டாரின் கோளாறு.

அப்போதுகூட புது மோட்டார் வாங்க ஓட வேண்டாம். மிக்ஸி நின்றுபோனால் 'கார்பன் தேய்ந்துவிட்டது' என்று மாற்றித் தருவார்களே, அதே கரித்துண்டுகள் இதற்குள்ளும் தேய்கின்றன. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றிக் கொடுத்தால் அதை மட்டும் மாற்றித் தருவார். நடுவழியில் ஸ்பானர் பிடியால் மோட்டாரை மெல்லத் தட்டினால் சில சமயம் ஒரு தடவை உயிர் பெறும். ஓங்கி அடிக்கிறவர்கள் உண்டு. உள்ளே காந்தக் கட்டிகள் உடைந்து சிகிச்சை மரணத்தில் முடியும். சாதாரணக் கியர் காரைத் தள்ளியும் கிளப்பலாம். ஆட்டோமாட்டிக் கார் அதற்கு மசியாது.

மோட்டாரை வீட்டிலேயே கழற்ற உங்கள் வீட்டுக்காரரோ மகனோ கிளம்பினால், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். முதல் காரியம் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. இதை மறந்தால் தடித்த கம்பியின்மீது ஸ்பானர் பட்ட கணத்தில் தீப்பொறி பறக்கும். கம்பிகள் இருந்தபடியை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள்தான். கடைசி போல்ட் வரும்போது மோட்டாரைக் கையால் தாங்க வேண்டும். மூன்று நாலு கிலோ கனம் இருக்கும்.

மேலிருந்து கை எட்டினால் சரி. அடியில் படுத்துத்தான் கழற்ற வேண்டுமென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் காருக்கு அடியில் போக விடாதீர்கள். கெட்டியான சமதரையில், ஸ்டாண்டுகளின்மேல் காரை இறக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் போகலாம். கடலோர வீடுகளின் முற்றம் மணல்; அங்கே இந்தப் பேச்சே வேண்டாம். "ஐந்து நிமிஷ வேலைதானே!" என்பார்கள். பிடிவாதமாக மறுத்துவிடுங்கள். தடித்த ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஓடும் ஹைப்ரிட் கார்களையும் வீட்டில் தொடக் கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம்.

பழைய மோட்டாரைக் கடைக்கே எடுத்துச் சென்று, பல்சக்கரத்தின் பற்களை எண்ணி, புதியதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை நன்றாக முடுக்கி, கம்பிகளைப் பூட்டி, மைனஸ் முனையைக் கடைசியில் போட வேண்டும். சாவியைப் பத்து வினாடிக்கு மேல் பிடிக்காமல், நடுவே அரை நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள்.

பாட்டரி முனைகளில் பூத்த பொடிக்கு மருந்து உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. முனைகளைக் கழற்றி, வெந்நீரில் கரைத்த சமையல் ஸோடாவால் பழைய பல் பிரஷ் கொண்டு தேய்த்து, உலரத் துடைத்து, திரும்பப் பூட்டியபின் மேலே வாஸலைன் தடவுங்கள். கையுறை அவசியம். கரைசல் பாட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கற்பட்டுவாசிகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். கடலைப் பார்த்த வீட்டுக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்யட்டும்.